எந்தக் கரைக்கு சார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 26 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச்சு. 'ஆப்பர்ச்சூன்'. எழுதிக்கொள்ள வேண்டாம், காதில் விழுந்தால் போதும். 'ஆப்பர்ச்சூனிட்டி' எல்லோருக்கும் தெரியுமே, அதன் கூடப்பிறப்பு.

அகராதி 'தக்க சமயமான' என்று சொல்லும். தப்பில்லை, ஆனால் உப்புக்காற்று வாசனை போய்விடுகிறது. வேர் லத்தீன். 'ஓப்' என்றால் நோக்கி, 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம். பாய் விரித்து வருகிறவனைத் துறைமுகம் சேர்க்கிற காற்றைச் சொல்ல எழுந்த சொல். நம் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியது; ரோமாபுரிக்காரன் முந்திக்கொண்டான்.

ஒருநாள் வகுப்பில் இதைப் பெருமையாக விளக்கிவிட்டு, "நல்ல காற்று, அவ்வளவுதான்" என்று முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் அப்பாவுக்கு மீன்பிடி வத்தை, அதாவது படகு, இருந்தது. எழுந்து கேட்டான்: "எந்தக் கரைக்கு சார்?"

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்: "தென்மேற்குக் கச்சான் காத்து அடிச்சா தென்கடல்ல நிக்க முடியாது சார், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை அடிச்சா அப்படியே திரும்பிரும். நீங்க எந்தக் காத்தை நல்ல காத்துங்கறீங்க?"

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வலை போடுகிறோம். கார்த்திகை, மார்கழியில் வத்தையும் வள்ளமும் தெற்கே வந்துவிடும். இரண்டு கடலுக்கும் நடுவில் ஒரு நாக்கு நிலம், அதில் நாம். காற்றில் நல்லது கெட்டது கிடையாது, எந்தக் கரைக்கு என்றுதான் கேள்வி. அந்தச் சொல்லுக்கு உள்ளேயே துறைமுகம் இருக்கிறது, நான்தான் அதை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, எங்கே பயன்படுத்துவது? பெரும்பாலும் நேரத்தோடு. 'ஆப்பர்ச்சூன் மொமெண்ட்', 'ஆப்பர்ச்சூன் டைம்'. குழம்பு இறக்கும் நேரம் பார்த்து மச்சான் வாசலில் நிற்கிறாரே, அவருக்கு அது ஆப்பர்ச்சூன். உலை வைத்தவளுக்கு? மறுபடி அதே கேள்வி, எந்தக் கரைக்கு!

கல்யாணப் பத்திரிகையில் போடுகிற 'ஆஸ்பீஷியஸ்' வேறு. அது பறவை பார்த்துச் சகுனம் சொன்னவர்களின் சொல். நமக்குப் பல்லி மாதிரி, அவர்களுக்குப் பறவை. முகூர்த்தத்துக்கு அதைப் போடுங்கள், 'ஆப்பர்ச்சூன்' போட்டால் மாப்பிள்ளை சமயம் பார்த்துத் தாலி கட்டிய மாதிரி ஆகிவிடும். 'ஆப்பர்ச்சூனிஸ்ட்' என்று திட்டுவது அந்த அர்த்தத்தில்தான். காற்று எப்படித் திரும்பினாலும் பாயைத் திருப்பிக்கொள்கிற ஆள்.

'இம்பார்ச்சூன்' என்று இன்னொரு சொல்லுக்கு ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கை காட்டுகிறார். ஒரே வரி: அடைய ஒரு துறை இல்லாததைக் குறித்த சொல், இன்றைக்கு விடாமல் நச்சரிப்பதைக் குறிக்கிறது. நானும் அப்படி ஆகிவிடக் கூடாது. அடுத்து மீனவர்களுக்கான வானிலை அறிக்கை. காற்று எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்வார்கள். வணக்கம்.