மேரி கால்வின்: ஒரு கண்ணோட போர்முனையில

வணக்கம் நேயர்களே. போர்ச்செய்தியாளர்னா ஆர்மி கூட ஜீப்புல போயி மைக் பிடிக்கிறவங்கன்னுதான் நம்மள்ல பலர் நினைச்சிருக்கோம். நான் இன்னிக்குப் பேசப்போற மேரி கால்வின் அப்படி இல்ல. அமெரிக்காக்காரங்க, லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர். அடிவாங்குற ஜனங்க எங்க பதுங்கி இருக்காங்களோ அங்கதான் இவங்களும் போய் உக்காருவாங்க.

நம்ம தமிழ் ஜனங்க இவங்கள மறக்கவே கூடாது. 2001 ஏப்ரல்ல, பத்திரிகைக்காரங்க யாரும் உள்ள போகக்கூடாதுன்னு இலங்கை அரசு தடுத்து வச்சிருந்த, விடுதலைப் புலிகள் கையில இருந்த வன்னிக்குள்ள ரகசியமா நுழைஞ்சு, சாப்பாடும் மருந்தும் சரியா வராம அங்க மக்கள் படுற பாட்டைப் பாத்துட்டு, ராத்திரி இருட்டுல வயல்வெளி வழியா திரும்பி வந்துட்டிருந்தாங்க. ராணுவம் சுட ஆரம்பிச்சிருச்சு. கூட வந்தவங்க ஓடிட்டாங்க, இவங்க தரையோட தரையா படுத்துக் கிடந்துட்டு, கடைசியில "ஜர்னலிஸ்ட், ஜர்னலிஸ்ட்"னு கத்துனாங்க. கத்துன பிறகுதான் குண்டு வந்து விழுந்துச்சு. இடது கண்ணு போச்சு. அந்த நிலைமையிலயும் 3000 வார்த்தைக்கு கட்டுரை எழுதி அனுப்பிட்டாங்க! அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அந்தக் கறுப்புக் கண்பட்டைதான்.

அதுக்கு முன்னாடி 1999ல கிழக்கு திமோர்ல, டிலி ஊர்ல இந்தோனேசிய ஆதரவுப் படைங்க சுத்தி வளைச்சதால ஐநா வளாகத்துக்குள்ள சுமார் 1500 பேர் மாட்டிக்கிட்டாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். மத்த நிருபர்கள் முக்காவாசிப்பேர் கிளம்பிட்டாங்க, இவங்களும் இன்னும் ரெண்டு பெண் நிருபர்களும் மட்டும் போகமாட்டோம்னு இருந்துட்டாங்க. அங்கிருந்து செய்தி போயிட்டே இருந்ததாலதான் அந்த ஜனங்களைக் கைவிட முடியாமப் போச்சுன்னு நான் உறுதியா நம்புறேன்.

2009 மே மாசம் முள்ளிவாய்க்கால்ல, சரணடையறோம்னு ஐநாவுக்குச் சொல்லச் சொல்லி விடுதலைப் புலிகளோட அரசியல் தலைவர்கள் நடேசனும் புலித்தேவனும் போன்ல கேட்டது இவங்களத்தான். இவங்களும் ராத்திரியெல்லாம் அந்தச் சேதியைக் கொண்டுசேர்க்கப் போராடுனாங்க. ரெண்டு பேரும் கொல்லப்பட்டாங்க.

அப்புறம் சிரியா. 2012 பிப்ரவரி, ஹோம்ஸ் நகரத்துல, சிரிய அரசுப் படை சுத்தி வளைச்சு குண்டு போட்டுட்டிருந்த பாபா அம்ருங்குற பகுதி. நிமிந்து நிக்க முடியாத சுரங்கக் குழாய் வழியா குனிஞ்சே போயி, ஒரு மரப்பட்டறையோட நிலவறையில 300 பேர் அடைஞ்சு கிடக்குறதை எழுதுனாங்க. ஒருதடவை வெளியே வந்தவங்க, மனசு கேக்காம மறுபடியும் உள்ள போனாங்க. 21ஆம் தேதி ராத்திரி சாட்டிலைட் போன்ல பிபிசி, சிஎன்என் எல்லாத்துலயும் பேசுனாங்க, குண்டுச்சிதறல் பட்டு ஒரு பச்சைக்குழந்தை தன் கண்ணு முன்னாடியே செத்ததையும், அது வயிறு ஏறி ஏறி இறங்குனதையும் சொன்னாங்க.

விடிஞ்சதும் அவங்க இருந்த வீட்டு மேலயே குண்டு விழுந்துச்சு. அவங்களும் பிரெஞ்சு போட்டோகிராபர் ரெமி ஓஷ்லிக்கும் அங்கேயே இறந்துட்டாங்க. வேணும்னே குறிவச்சு அடிச்சதுதான்னு 2019ல அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசுமேல தீர்ப்பு சொல்லுச்சு, நஷ்டஈடு 30 கோடி டாலருக்கு மேல. மேரிக்கு அப்போ வயசு 56.