கிணறு உங்களுடையது, தண்ணீர் பங்கு

வணக்கம். சுற்றாடல் மாசடைதல் பற்றிப் பதினைந்து நிமிஷம் கதைக்க வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, உண்மையாகச் சொன்னால் கொஞ்சம் தயங்கினேன். முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இந்தத் தலைப்பில் வகுப்பில் கத்தியிருக்கிறேன், பேச்சுப்போட்டி நடத்தியிருக்கிறேன், முதற்பரிசு வாங்கிய பிள்ளை மேடையை விட்டு இறங்கி ரொபித் தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். இப்போது ஓசோன் படை, பனிக்கரடி என்று தொடங்கினால் நீங்கள் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே இன்றைக்குக் கிணற்றைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். உங்கள் வளவுக்குள் இருக்கிற அந்தக் கிணறுதான்.

பழைய காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காணி இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று எழுதிவிட்டு, கீழே கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். எங்கள் அப்பாவின் தோட்டக்காணிக்கு ஆறில் ஒரு பங்கு. ஆறு குடும்பத்துக்கும் ஒரே கிணறு, ஒரே துலா. யாருக்கு எந்த நாள் முறை என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். முறை மாறி இறைத்தால் சண்டைதான், அதுவும் லேசான சண்டை இல்லை, கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விடுகிற அளவுக்கு. கிணறு கலக்கி இறைத்துச் சேறு அள்ளுகிற நாளில் ஆறு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும், வராதவர் கூலி கொடுக்க வேண்டும். கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கால் கழுவினால் அப்பா தூரத்திலிருந்தே சத்தம் போடுவார், "தண்ணி உள்ளுக்கல்லோ போகுது, கீழ இறங்கு!" என்று.

பிறகு நீர் இறைக்கும் மிஷின் வந்தது, கையில் காசு வந்தவர்கள் தங்கள் தங்கள் வளவுக்குள்ளேயே கிணறு வெட்டினார்கள், வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பியது. பங்குக் கணக்கு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். மேலே முடிந்ததுதான். கீழே அப்படியேதான் இருக்கிறது.

வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடையாது. வழுக்கியாறு மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழுந்துவிட்டால் பிறகு அடுத்த மாரிதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்களுடைய ஆண்டு வருமானம், அதைப் போட்டு வைக்கிற பெட்டகம் காலுக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். ஒரு வீட்டுக் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் மதில் நிலத்துக்கு மேலேதான் நிற்கிறது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறதே, அது உள்ளே எங்கெங்கோ பெய்த மழை கல்லுக்குள்ளால் நடந்து போய் அங்கே வெளியே வருகிற இடம். நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போனால் உப்பு. கிட்டத்தட்டக் குடாநாடு முழுவதும் அந்தக் கதைதான். கடல் தண்ணீர் பாரம், மழைத்தண்ணீர் பாரம் குறைவு, ஆகவே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே கிட்டத்தட்ட 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. மேலே ஒரு அடியை அடித்து இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு மேலே ஏறி வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் மகள் வெளிநாட்டிலிருந்து நாலு மாதக் குழந்தையோடு வந்தாள். போத்தல் பால். நான் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து எடுத்து வைக்கிறேன். மகள் விடவில்லை, முதலில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள் அம்மா என்றாள். எனக்குக் கோபம். இந்தத் தண்ணீர் குடித்துத்தானே நீ வளர்ந்தாய் என்று கேட்டேன். பிடிவாதத்துக்குக் கொடுத்தனுப்பினோம். தாள் வந்தது. நைத்திரேற்று, லீட்டருக்கு 70 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்குச் சொல்கிற எல்லை 50.

இந்த நைத்திரேற்றில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிஞ்சுகிற தண்ணீரில் இன்னும் கூடும். குளோரின் போட்டாலும் போகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடம்புக்குள் போனால் இரத்தம் ஒட்சிசனைக் காவுவதைக் கெடுக்கும், உதடும் நகமும் நீலம் பாயும். நான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்த விஷயம். என் வீட்டு அடுப்பில் கேத்திலுக்குள் அதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

உடனே என் கண் எங்கே போனது தெரியுமா, பின் மதிலுக்கு அங்காலே இருக்கிற வெங்காயத் தோட்டத்துக்கு. அந்தத் தம்பி என்னிடம் படித்தவர்தான். போய்க் கேட்டேன், இவ்வளவு யூரியா போடுகிறீரே, எங்கள் கிணறு என்னாகிறது என்று. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று நிதானமாகச் சொன்னார், "ரீச்சர், நான் போடுறது யூரியாவும் எருவும். நீங்கள் போடுறது என்னெண்டு ஒருக்கா அளந்து பாருங்கோ."

அன்று பின்னேரம் ரேப் எடுத்து அளந்தேன். எங்கள் மலசலகூடக் குழியிலிருந்து எங்கள் கிணறு 34 அடி. அவர் வீட்டுக் கிணறு 28 அடி. வழக்கமாகச் சொல்கிற இடைவெளி 50 அடி, அதுவும் இந்த வெடிப்புக் கல்லில் எவ்வளவு பாதுகாப்பு என்பது வேறு கேள்வி. 1995 யுத்த இடப்பெயர்வு முடிந்து மறு வருஷம் திரும்பி வந்தபோது பழைய மலசலகூடம் இடிந்து கிடந்தது, அவசரத்துக்கு ஆள் பிடித்து வெட்டிய குழி. அடியில் சீமெந்து இல்லை, கல்லு அடுக்கி மூடியதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுக் கழிவை அவர்கள் வீட்டு வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒவ்வொரு ஜூன் மாதமும் சுற்றாடல் தினத்துக்கு மரம் நட்டுக்கொண்டு.

அதற்காகத் தோட்டக்காரரில் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். எங்கள் செவ்வல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இறைக்கிறார்கள், பயிர் எடுத்தது போக மிச்சம் நேரே கீழே. முந்தி பூவரசங்குழை தாழ்த்தினார்கள், பனையோலை புதைத்தார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் யூரியா கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் வெங்காயம் விளைந்தது. ஆனால் அதைச் சொல்லி இப்போது நிறுத்து என்றால் அது அநியாயம். 2021இல் அரசாங்கம் திடீரென்று இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது தோட்டக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தோம்தானே, அந்தத் தடையை அதே வருஷமே எடுக்க வேண்டி வந்தது. அந்தத் தம்பி இப்போது ஒரே தரத்தில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுகிறார், இறைப்பையும் தூவல் முறைக்கு மாற்றியிருக்கிறார். செலவும் குறைந்ததாம். என்னுடைய பங்குக்கு நான் குழியை மூடிச் சீமெந்துத் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. ஆள் வந்து பார்த்துச் சொன்ன தொகையைக் கேட்டு இரண்டு நாள் நித்திரை வரவில்லை. போன வருஷம்தான் கட்டி முடித்தேன்.

இனி, எண்ணெய்க் கதை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வாளியில் அள்ளினால் வானவில் மாதிரி ஒரு படலம். பவுசரில் தண்ணீர் வந்தது, வீதியில் இறங்கினோம், கடைகள் பூட்டினோம், நானும் போய் நின்றேன். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த ஒரு தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே பொறுப்பு என்பதை நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, நல்ல விஷயம். எனக்கு உறுத்துவது வேறு. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, போட்டது யார் என்று கையை நீட்டவும் ஒரு ஆள் இருந்தது, அதனால் கத்தினோம். நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது, கையை நீட்டினால் சுற்றி வந்து எங்கள் நெஞ்சிலேயே நிற்கும். அதனால் ஒருவரும் கத்துவதில்லை. கராஜ்களில் எஞ்சின் ஒயில் மாற்றி நிலத்தில் ஊற்றுகிறார்களே, அதற்காவது யாராவது வீதிக்கு வந்தார்களா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு வெறும் வளவு இருக்கிறது. சொந்தக்காரர் வெளியில், எந்த நாடு என்று சொல்லவில்லை, உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒன்று இருக்கும். வேலி விழுந்து, வடலி வளர்ந்து, நடுவில் ஒரு பாழ்கிணறு. போன பங்குனியில் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. மேலே ஒரு பாய் விரித்த மாதிரி சொப்பிங் பை, தயிர்க் கோப்பை, சோடாப் போத்தல், இரண்டு செருப்பு, பிறகு பம்பேர்ஸ், ஊறிப் பெருத்து, எண்ண முடியாத அளவு. ஒரு செத்த கோழியும். எங்கள் ஒழுங்கையில் பிள்ளை இருக்கிற வீடு எது எது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். வீதியோரம் குப்பை போட்டால் நாய் இழுக்கும், ஆட்கள் ஏசுவார்கள். கிணற்றுக்குள் போட்டால் சத்தமே இல்லை. ஆனால் பாழ்கிணறு என்பது அந்தப் பெட்டகத்தின் திறந்த வாய், மண்ணால் வடிகட்டுகிற வேலையும் இல்லாமல் நேரே உள்ளே. மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் சீற்றும் நாட்டில் 2017இலேயே தடை. அந்தப் பாயில் இரண்டும் கிடந்தன.

இதைச் சொன்னால் சிலர், இனிக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே ரீச்சர், பிறகென்ன என்கிறார்கள். தாளையடியில் 2024இல் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கக் கூடியது, உண்மைதான், குடிக்க அது பெரிய உதவி. ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், அந்தச் செலவை யாரோ கட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்ய ஏலாது. ஒரு அந்தரம் என்றால் முதலில் நிற்பது மின்சாரம்தான், அதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் எங்களைக் காப்பாற்றியது வாளியும் கயிறும்.

பாழ்கிணற்றுக்கு வருகிறேன். ஒழுங்கையின் எட்டு வீடுகளுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறு மணி, வீட்டுக்கு ஒரு ஆள், வராதவர் 1500 ரூபாய். அப்பா காலத்துச் சட்டம்தான். ஐந்து வீட்டிலிருந்து ஆள் வந்தது, இரண்டு வீடு காசு தந்தது, ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். வெங்காயத் தோட்டத்துத் தம்பிதான் கயிறு கட்டி இறங்கினார். இறங்க முதல் ஒரு விளக்கைக் கொளுத்தி வாளியில் வைத்து இறக்கிப் பார்த்தோம், பாழ்கிணற்றில் கெட்ட காற்று நிற்கும், பார்க்காமல் ஒருவரும் இறங்கிவிடாதீர்கள். பதினேழு உரப்பை நிரம்பியது. பிரதேச சபை உழவு இயந்திரம் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளை இருக்கிற வீட்டுக்காரத் தங்கச்சி ஒன்றும் கதைக்காமல் எல்லாருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். முதலில் பயந்துபோனார், காணியைப் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. பிறகு விளங்கப்படுத்தினோம். கிணற்று வாய்க்கு இரும்பு வலை அடிக்க எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறார். ஒட்டுக்காரர் நாளைக்கு வந்து அளவெடுக்கிறார், ஆறே கால் அடி விட்டம் என்று நான் ஏற்கெனவே ரேப் பிடித்து எழுதி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.