சுவருக்கு அந்தப் பக்கம்

வணக்கம் நேயர்களே. கதை எழுதுகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வரப்பிரசாதம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தியர் குடியிருப்பான நம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம், இருமல், மாமியார் மருமகள் சண்டை எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆளைப் பார்க்குமுன்னே குரல் பழகிவிடும். கதையிலும் அப்படியே வரட்டும். முதலில் சத்தம், பிறகு முகம்.

புதிதாக எழுதுகிறவர்கள் விசித்திரமான ஆள் என்றால் ஏழு பூனை, கிழிந்த தொப்பி, தனக்குத்தானே பேச்சு என்று எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். ஒன்று போதும் ஐயா, ஒன்றே ஒன்று. ஆனால் அது கதைக்குள் போய் யாரையாவது இடிக்க வேண்டும்.

என் கதையில் ஒரு அங்கிள். வாசலில் நாற்காலி போட்டு, தெருவில் நிற்கிற ஒவ்வொரு காரின் நம்பரையும் நோட்டில் எழுதுவார். நம்பரில் என்.டி. என்றிருக்கும் டர்பன் வண்டிக்கு நீல மை, வெளியூர் வண்டிக்குச் சிவப்பு. மழை வந்தால் நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. அவர் தலை நனையும். வாசகர் சிரிப்பார், சிரிக்கட்டும். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஜோஹானஸ்பர்க்கிலிருந்து, அந்த ஊர்ப் பக்கத்து ஜி.பி. நம்பர் வண்டியில், ஒரு பையன் வருகிறான். அங்கிள் அவள் அம்மாவிடம், "ஏம்மா, உங்க வாசல்ல நாலு நாளா ஒரு ஜி.பி. வண்டி நிக்குதே, சொந்தக்காரங்களா?" என்கிறார். போதும், கதை பற்றிக்கொண்டது.

ஏன் எழுதுகிறார்? எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்து 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் நம் பெரியவர்களை எங்கிருந்தெல்லாம் கிளப்பியது என்று உங்களுக்கே தெரியும். அறுபதுகளில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது அங்கிள் சிறுவன். அவர்கள் சாமான் ஏற்றிய லாரி ஒன்று வந்து சேரவேயில்லை. அம்மாவின் தையல் மெஷின் அதில்தான் இருந்தது. லாரி நம்பரை யாரும் குறித்து வைக்கவில்லை.

இதை அங்கிள் வாயால் சொல்ல வைக்காதீர்கள், அழுகைக் காட்சியாகிவிடும். அவர் தங்கை, கல்யாண வீட்டில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது, போகிறபோக்கில் சொல்லட்டும். மறுபடியும் சொல்கிறேன், பழக்கம் ஒன்றே ஒன்று. காரணம் வேறொருவர் வாயில்.

ஸ்டுடியோ தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார். தமிழில் நலம் விசாரித்து இங்கிலீஷில் திட்டுகிற ஆயாக்களின் பேச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், நேரமில்லை. நிஜமான பக்கத்து வீட்டுக்காரரை எழுதினால் வேலையையும் வயதையும் மாற்றிவிடுங்கள். மாற்றினாலும் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்போது... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.