பின்பக்கம் எழுதாத படங்கள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பள்ளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வந்திருந்தார்கள்.)

எல்லோருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் ஒரு பெண் மடியில் வைத்திருக்கிறாளே, அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அட்டையில் கறுப்பு வெள்ளையில் ஒரு சிறுமி, தலையில் சின்னக் கிரீடம். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கால் தரையில் படவில்லை என்பது உறைக்கும். கடையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நடந்து, பத்தடி போனதும் திரும்பி வந்து வாங்கியவன் நான். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. இது பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கான நாவல்.

‘மிஸ் பெரெக்ரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்’. எழுதியவர் ரான்சம் ரிக்ஸ், அமெரிக்கர். 2011இல் வந்தது. முதலில் அவர் கையில் கதையே இல்லை. பழைய சாமான் சந்தைகளில் பொறுக்கிய புகைப்படங்கள்தான் இருந்தன. அதையெல்லாம் ஒரு படப் புத்தகமாகப் போடலாமா என்று பதிப்பகத்தில் கேட்டிருக்கிறார். ஆசிரியர் குழுவில் இருந்தவர், இந்தப் படங்களை வைத்து ஒரு நாவல் எழுதுங்களேன் என்றிருக்கிறார். இப்படித்தான் பிறந்தது. இதோடு சேர்த்து மொத்தம் ஆறு பாகங்கள், ஒரு சினிமா.

கதையின் தொடக்கம் தெரிந்தால் போதும், நான் சொல்ல வருவது புரிந்துவிடும். ஃப்ளோரிடாவில் ஜேக்கப் என்று ஒரு பையன். அவன் தாத்தா போலந்து நாட்டு யூதர். பன்னிரண்டு வயதில் அவரைத் தனியாக ரயிலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் தப்பியது அவர் ஒருவர்தான். வேல்ஸ் பக்கம் ஒரு தீவில், விசித்திரப் பிள்ளைகளின் விடுதியில் வளர்ந்ததாகப் பேரனுக்குக் கதை சொல்வார். மிதக்கும் பெண், கண்ணுக்குத் தெரியாத பையன், உடம்புக்குள் தேனீ வளர்க்கும் இன்னொருவன். ‘ஆதாரம் வேணுமா?’ என்பதுபோல ஒரு பெட்டியிலிருந்து படங்களை எடுத்துக் காட்டுவார்.

பையன் நம்புகிறான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். நம்புவதை விட்டுவிடுகிறான். கொஞ்சம் வளர்ந்ததும் அவனே ஒரு விளக்கம் கண்டுபிடிக்கிறான்: தாத்தாவைத் துரத்திய அரக்கர்கள் என்பது நாஜிகள், விசித்திரம் என்பது யூதராகப் பிறந்தது, அவ்வளவுதான். நல்ல விளக்கம். நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ரிக்ஸ் அதை வேண்டுமென்றே நம் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பிடுங்கிக்கொள்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா காட்டும் படங்கள் நன்றாகச் செய்த மோசடிகள் அல்ல. ஒட்டுவேலை கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவனுடைய பின்மண்டையில் முகம் வரைந்திருக்கிறார்கள், சின்னக் குழந்தைக்கே புரிந்துவிடும். ஆனாலும் அந்தப் படம் நம்மை விடுவதில்லை. ஏன்?

புகைப்படம் வந்த நாளிலிருந்தே இந்தக் கூத்து இருக்கிறது. பாஸ்டனில் வில்லியம் மம்லர் என்று ஒருவர், 1860களில், படம் எடுத்துக்கொள்ள வருபவரின் தோளுக்குப் பின்னால் ஆவியும் விழும்படி எடுத்துக் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த காலம், கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? 1869இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். போலி அதிசயங்களைக் காட்டியே பேர் வாங்கிய சர்க்கஸ்காரர் பி. டி. பார்னம் வந்து இது பித்தலாட்டம் என்று சாட்சி சொன்னார். (யார் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்வது!) ஆதாரம் போதவில்லை என்று மம்லர் விடுபட்டார். சில ஆண்டுகள் கழித்து லிங்கனின் மனைவி அவரிடம் வந்து உட்கார்ந்தார். படத்தில் அந்த அம்மாள் கறுப்பு உடையில் இருக்கிறார், பின்னால் புகைபோல லிங்கன், இரண்டு கையும் மனைவியின் தோளில். பொய்யான படம்தான். அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பொய்யாக இருப்பது ஆவி மட்டும்தான். முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் பொய்யில்லை.

பழைய படங்களில் எவரும் சிரிக்கவில்லையே, அதனால் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். தொடக்க காலத்தில் பல விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்துப் பிடித்தார்கள். குழந்தை என்றால் அம்மாவே துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி பின்னால் உட்கார்ந்து குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால், முக்காடிட்ட ஏதோ ஒன்று குழந்தையைப் பிடித்திருப்பதுபோல இருக்கும். அந்தத் தாங்கி பிணத்தை நிறுத்திவைக்க என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள். பிணம் அதில் நிற்காது. உட்காரவைத்து எடுத்தார்கள், படுக்கவைத்து எடுத்தார்கள். நம் வீடுகளிலும் நாற்காலியில் சாத்தி மாலை போட்டு எடுத்த தாத்தா படம் ஒன்று எங்காவது இருக்கும்.

சரி, நாவலுக்கு வருவோம். பேரன் அந்தத் தீவுக்குப் போகிறான். விடுதி இடிந்து கிடக்கிறது. ஆனால் அங்கே ஒரு நாள் மட்டும் நின்றுபோயிருக்கிறது: 1940 செப்டம்பர் 3. அன்று இரவு ஜெர்மன் குண்டு கூரையைத் தொடுகிற நேரத்தில் விடுதியை நடத்தும் மிஸ் பெரெக்ரின் காலத்தைத் திருப்பிவிடுகிறாள். மறுபடி அதே நாள். பிள்ளைகள் வளர்வதில்லை. வெளியே வந்து ரொம்ப நேரம் தங்கினால் இத்தனை வருஷமும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும்.

இது என்ன? இது புகைப்படம்தான். வேறொன்றுமில்லை. குண்டு விழப்போகிறது, விழவில்லை. பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள். தாத்தா காதலித்த எம்மா அங்கே இன்னும் சின்னப் பெண். தாத்தா போருக்குப் போனார், கிழவரானார், செத்தும் போனார். ஆல்பத்தில் நம் பாட்டியின் பன்னிரண்டாம் வயதுப் படத்தைப் பார்க்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறதே, அதையே ரிக்ஸ் கதையின் இயந்திரமாக்கிவிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த், 1865இல் தூக்குக்குக் காத்திருந்த ஓர் இளைஞனின் படத்தைப் பற்றி எழுதியதும் இதுதான்: அவன் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, படத்திலோ இனிமேல்தான் சாகப்போகிறான். கல்லூரியில் படித்தபோது எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. இந்தப் பிள்ளைகள் கதையில் புரிந்தது.

குறையும் சொல்ல வேண்டும். அடுத்த பாகங்களில் பல இடங்களில் கதை படத்தைத் தேடவில்லை, படம் கதையைக் காதைப் பிடித்து இழுக்கிறது. நல்ல படம் ஒன்று கிடைத்துவிட்டதே என்பதற்காகவே ஒரு பாத்திரம் வந்து நின்றுவிட்டுப் போகிறது. 2016இல் டிம் பர்ட்டன் எடுத்த சினிமாவில் கலர் அழகாக இருக்கிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். அசையத் தொடங்கியதுமே பயம் போய்விட்டது. எனக்கு அப்படித்தான்.

ரிக்ஸ் பழைய படங்களில் விழுந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது ஒரு பெண்ணின் படத்தை வாங்கினார், தனக்குப் பிடித்த ஒருத்தியின் சாயல் இருந்ததால். சட்டம் போட்டு அறையில் வைத்துக்கொண்டார். பல நாள் கழித்துக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் எழுதியிருக்கிறது: வயது பதினைந்து, ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். ஒரு வரி எழுத்து, அதுவரை யாரோவாக இருந்தவளை ஒருத்தியாக்கிவிட்டது.

பெரும்பாலான படங்களில் அந்த வரி இல்லை. யாரோ ஒரு வீட்டில் அருமையாக வைத்திருந்தது, கிழவி செத்ததும் பெட்டியோடு எடைக்குப் போயிருக்கும். முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு படமும் யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று நேர்மையாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வைத்திருப்பவர் பெயர் இருக்கிறது. மிதக்கும் அந்தச் சிறுமியின் பெயர் இல்லை. நாவலில் அவளுக்கு ஆலிவ் என்று பேர். அவள் வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ.

கூட்டத்துக்கு வரும்போது என் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு படம் எடுத்து வந்தேன். பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகள், பின்னால் ஸ்டூடியோவில் வரைந்த மாடிப்படி. ஒருத்தி ஆடிவிட்டாள்போலிருக்கிறது, முகம் கலைந்திருக்கிறது. யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேசையில் வைத்திருக்கிறேன், போகும்போது பாருங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், உடைந்துவிடும்.