மெட்டல் ஷீட் கூரை போட்ட பிறகும் ஒழுகுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

[காட்சி: மொட்டை மாடியின் மேல் நீல நிற ஷீட் கூரை. வெளியே கனமழை. உள்ளே ஓர் இரும்புக் குழாயின் அடியில் நீர் திரண்டு சொட்டுகிறது.]

வணக்கம். மொட்டை மாடியின் மேல் மெட்டல் ஷீட் போடுகிறவர்களில் பலர், கான்கிரீட் தளத்தின் ஒழுகலுக்கு ஒரு முடிவு கட்டவே அந்தச் செலவைச் செய்கிறார்கள். ஐப்பசியின் முதல் பெருமழையில் அந்தப் புதிய கூரையே ஒழுகினால் மனம் நொந்துதான் போகும். போட்டவரைக் கூப்பிட்டால், ஓர் ஆள் சிலிகான் குழாயுடன் ஏறி, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் பூசிவிட்டு இறங்குகிறார். அடுத்த மழையில் அதே இடத்திலோ இரண்டடி தள்ளியோ மறுபடியும் சொட்டுகிறது. நீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று யாரும் தேடாததுதான் இந்த அலைச்சலுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வழியைத் தேடும் முறையைத்தான் இந்த வீடியோவில் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

வீடுகளுக்குப் போடும் ஷீட் பெரும்பாலும் 0.45 அல்லது 0.50 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதன் மேல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சும், அதற்கு மேல் வண்ணப் பூச்சும் இருக்கும். புதிய தகட்டின் வழியாக நீர் இறங்க வாய்ப்பே இல்லை. வேலையாட்கள் துளை போட்ட இடம், இரண்டு ஷீட்டுகளைச் சேர்த்த இடம், ஷீட் சுவரைத் தொடும் இடம், முகடு, மழைநீர்க் கால்வாய் ஆகிய இடங்களில்தான் அது நுழையும். எனவே, போட்டு ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒழுகும் கூரையில் குறை ஏறத்தாழ எப்போதும் பொருத்திய விதத்தில்தான் இருக்கிறது. ஷீட் தயாரித்த நிறுவனம் தரும் உத்தரவாதம் பொதுவாகத் தகட்டுக்கும் பூச்சுக்கும் மட்டுமே உரியது. பொருத்திய வேலைக்கு அது பொருந்தாது என்பதை அந்த அட்டையை வாசித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

கூரையின் மேல் ஏறுவதற்கு முன்பு, ஒழுகல் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். எல்லா மழையிலும் சொட்டினால் துளைகளையும் ஸ்க்ரூக்களையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும் சொட்டினால் ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களிலும், முகட்டிலும், சுவர் ஓரத்திலும் தேட வேண்டும். மழை வலுத்து அரை மணி நேரம் கழித்தே நீர் வருகிறது என்றால் கால்வாய் நிரம்பி உள்பக்கமாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மழையே இல்லாத விடியற்காலையில் ஷீட்டின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து நின்றால் அது ஒழுகல் அன்று. குளிர்ந்த தகட்டின் அடியில் காற்றின் ஈரம் படிந்து உருவான நீர். அதற்குக் காற்றோட்டமோ, ஷீட்டின் அடியில் வெப்பத் தடுப்பு விரிப்போதான் தீர்வு. சிலிகான் எவ்வளவு பூசினாலும் அது நிற்காது.

[காட்சி: உள்ளிருந்து மேல்நோக்கி. ஒரு குழாயின் மேல்விளிம்பில் நீர்க்கோடு ஓடி, வெல்டிங் இணைப்பில் நின்று சொட்டுகிறது.]

சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. துளை வழியாக இறங்கிய நீர் ஷீட்டின் அடிப்பக்கத்தை ஒட்டியபடியே வாட்டத்தில் கீழ்நோக்கி ஓடி, ஷீட்டைத் தாங்கக் குறுக்கே வரும் இரும்புக் குழாயைத் தொட்டு, அதன் மேல் நகர்ந்து, வெல்டிங் செய்த மேடு எங்கே தடுக்கிறதோ அங்கே சொட்டும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து வாட்டத்தின் மேல்பக்கமாகத்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். அடியில் பிவிசி சீலிங் போட்டிருந்தால், அந்த வரிசையில் சில பட்டைகளைக் கழற்றாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சீலிங்கின் மேல் நீர் தேங்கி, அறையின் மறுமூலையில் இறங்குவதும் உண்டு.

இப்போது ஸ்க்ரூவுக்கு வருவோம். ஒழுகல்களில் பெரும்பங்கு இந்தச் சிறு பொருளில்தான் தொடங்குகிறது என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

[காட்சி: மூன்று ஸ்க்ரூக்கள், மிக அருகில்.]

ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே ஓர் உலோக வாஷரும், அதன் அடியில் கருப்பு ரப்பர் வாஷரும் இருக்கின்றன. நீரைத் தடுப்பது அந்த ரப்பர்தான். சரியாக இறுக்கிய ஸ்க்ரூவில் ரப்பர் உலோக வாஷரின் விளிம்புக்கு வெளியே மயிரிழை அளவு மட்டும் பிதுங்கியிருக்கும். முதல் ஸ்க்ரூவைப் பாருங்கள்: அதிவேக டிரில்லால் அளவுக்கு மீறி இறுக்கியதால் ரப்பர் நசுங்கி வெளியே பிய்ந்துவிட்டது, ஷீட்டின் மேடும் குழிந்து, அந்தக் குழியில் நீர் நிற்கிறது. இரண்டாவது, சாய்வாக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ரப்பர் அழுந்தியும் மறுபக்கம் தூக்கியும் நிற்கிறது. மூன்றாவது, வெளியிலிருந்து பார்த்தால் குறையற்றதாகவே தெரிகிறது. ஆனால் உள்ளிருந்து பார்த்தால் அதன் கூர்முனை குழாய்க்குப் பக்கத்தில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. குழாயைத் தவறவிட்ட அந்த ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே இல்லை. காற்று ஷீட்டை அசைக்க அசைக்கத் துளை பெரிதாகிக்கொண்டே போகும். பகலில் உள்ளே நின்று டார்ச் அடித்து இப்படிப்பட்ட முனைகளை எண்ணிப் பார்ப்பது, கூரையில் ஏறாமலேயே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை.

நம் ஊரில் போடும் நெளி ஷீட்டுகளில் மேட்டின் மேல் ஸ்க்ரூ அடிப்பதே பாதுகாப்பானது. நீளம் குறைந்த ஸ்க்ரூவை வாங்கி, நீர் ஓடும் பள்ளத்தில் அடித்திருந்தால் அந்த ரப்பர் மழை முழுவதும் நீருக்குள்ளேயே இருக்கும். மலிவான ரப்பர் வெயிலில் வெடித்துவிடும் என்பதால், வெயிலைத் தாங்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூதானா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். துளை பெரிதாகிவிட்ட இடத்தில் பழைய 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவையே திரும்ப இறுக்கிப் பயனில்லை. அதைக் கழற்றிவிட்டு 6.3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைப் புதிய வாஷருடன் குழாயில் பிடிக்கும்படி இறக்க வேண்டும். குழாயைத் தவறவிட்ட துளையைத் தகட்டுத் துண்டு வைத்து முறையாக மூட வேண்டும். துளையிடும்போது சிதறும் இரும்புப் பிசிறுகளை அன்றைக்கே பெருக்கி எடுக்காவிட்டால், அவை துருப்பிடித்துப் பூச்சையும் கெடுக்கும்.

அடுத்தது வாட்டம். இந்த வகை ஷீட்டுக்கு ஏறத்தாழ 5 டிகிரி வாட்டமாவது தேவை. அதாவது ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குல இறக்கம். 20 அடி நீளக் கூரைக்கு 20 அங்குல உயர வேறுபாடு வேண்டும். தூணின் உயரத்தை மிச்சப்படுத்த இதைப் பாதியாக்கிவிட்டால், நீர் ஓட வேண்டிய இடத்தில் தயங்கி நின்று, ஷீட்டுகளுக்கு இடையிலான மெல்லிய இடுக்கில் ஏறிக்கொள்கிறது. நீளவாக்கில் இரண்டு ஷீட்டுகளைச் சேர்த்திருந்தால் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் 6 அங்குலத்துக்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். வாட்டம் குறைந்த கூரையில் இன்னும் கூடுதலாக ஏறுவதோடு, நடுவில் பியூட்டைல் டேப்பும், அதாவது நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற ஒட்டுப் பட்டையும், ஒட்டியிருக்க வேண்டும். ஷீட்டைத் தேவையான நீளத்திலேயே வெட்டித் தருகிறார்கள் என்பதால், சிறிய வீடுகளில் இந்தச் சேர்க்கையையே தவிர்த்துவிடலாம்.

பக்கவாட்டில் ஷீட்டுகள் ஏறும் திசையைப் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அங்கே ஷீட் போடும் வேலை அதற்கு எதிர்முனையில் தொடங்கி, காற்று வரும் பக்கம் நோக்கி நகர வேண்டும். அப்போதுதான் மேலே ஏறிய ஓரத்தின் வாய், காற்றுக்கு முதுகு காட்டி இருக்கும். தென்காசியிலும் குமரி மாவட்டத்திலும் ஆனி, ஆடிச் சாரல் மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். திசை மாறிப் போட்ட கூரையை முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. ஓரங்களைத் தளர்த்தி, இடையில் பியூட்டைல் டேப் ஒட்டி, ஷீட்டோடு ஷீட்டைச் சேர்க்கும் சிறிய ஸ்க்ரூக்களால் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

[காட்சி: ஷீட் சுவரைத் தொடும் இடம். விரிசல் விட்ட சிமெண்ட் பூச்சு.]

படிக்கட்டு அறைச் சுவரை ஷீட் தொடும் இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பி மூடுவது நம்மிடம் ஆழமாக வேரூன்றிய தவறு. பகல் வெயிலில் சூடாகி, திடீர் மழையில் குளிரும் ஷீட் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 10 மீட்டர் எஃகு ஷீட் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நகரும். சிமெண்ட் அந்த அசைவோடு போக முடியாமல் முதல் கோடையிலேயே விரிந்துவிடும். ஈர சிமெண்டின் காரம் ஷீட்டின் பூச்சையும் அரிக்கும். சுவரில் காடி வெட்டி, வளைத்த தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் செருகி, காடியை மட்டும் சீலண்ட்டால் அடைத்து, கீழ்விளிம்பு ஷீட்டின் மேல் தாராளமாக விழும்படி விடுவதே சரியான முறை. இதைத்தான் ஃப்ளாஷிங் என்கிறார்கள். முகட்டுத் தகட்டின் அடியில் நெளிகளின் இடைவெளியை அடைக்க, அதே வடிவத்தில் வெட்டிய நுரைப் பட்டைகள் இருக்க வேண்டும். கால்வாயில் வேப்பிலை அடைக்காமல் பார்த்துக்கொள்வதும், அதன் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடத் தாழ்வாக இருப்பதும் போதும்.

சிலிகானை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வினிகர் போலப் புளித்த வாடை வீசும் வகை உலோகப் பூச்சை அரிக்கக்கூடியது. உலோகத்துக்கு நியூட்ரல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்து, தூசி துடைத்த காய்ந்த பரப்பில் மட்டுமே பிடிக்கும். ஸ்க்ரூ தலைகளின் மேல் அப்பிய சிலிகான், அடியில் இருக்கும் குறையை மறைத்து, அடுத்து வருபவரின் தேடலையும் கடினமாக்குகிறது.

பழுது பார்த்த பிறகு நீர்ச் சோதனை செய்யுங்கள். ஹோஸ் குழாயைத் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் மழை போல விழவிட்டுப் படிப்படியாக மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஈர ஷீட்டின் மேல் நீங்கள் ஏறவே வேண்டாம். பழகிய ஆட்கள்கூடப் பாதுகாப்புக் கயிறு கட்டி, ஸ்க்ரூ வரிசை ஓடும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்காகப் போட்ட பாலிகார்பனேட் ஷீட்டை மிதிக்கவே கூடாது.

ஒப்பந்தக்காரர் வர மறுத்தால், ஒழுகலின் படங்களையும் வீடியோவையும் தேதியோடு சேர்த்து, ரசீதையும் பணம் செலுத்திய விவரத்தையும் இணைத்து, எழுத்து மூலம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துத்தான் வாதிட வேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், "அடுத்த மாதம் வருகிறேன்" என்ற பதிலுக்காக இரண்டு பருவமழைகளைக் கடத்திவிடாதீர்கள்.