எஸ்விஎன்-லிருந்து கிட்டுக்கு: பழைய குறிப்புகளையும் கூடவே கொண்டுபோவது எப்படி?

[திரையில்: கோடிலிருந்து ஒரே ஒரு வரி]

வணக்கம். இந்த வரியைப் பாருங்கள். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடையில் கழிவு போடுகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளுக்காகப் பாளையங்கோட்டையில் நாங்கள் எழுதும் பில்லிங் மென்பொருள் இது. ஈரத்தை ஏன் இரண்டு தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்? கோடில் பதில் இல்லை. கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் எஸ்விஎன் என்ற மென்பொருளில், 1184-ஆம் ரிவிஷனின் (மாற்றத்தின்) கமிட் குறிப்பில், அதாவது மாற்றத்தோடு எழுதி வைத்த விளக்கத்தில் இருக்கிறது: "கார் நெல் மூட்டை மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் வருகிறது. இரண்டு இடத்திலும் அளக்கணும்."

எஸ்விஎன்-ஐ விட்டு, அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு மாறலாம் என்று முடிவானதும், "கடைசி ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிடலாம் அண்ணே, அரை மணி நேர வேலை" என்றான் எங்கள் தம்பி. செய்யலாம். ஆனால் இந்தக் குறிப்பு போய்விடுமே!

எஸ்விஎன்-இல் வரலாறு முழுவதும் ஒரு சர்வரில் இருக்கும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டில், குளோன் செய்யும் (பிரதி எடுக்கும்) ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் வந்துவிடும். மாற்றித்தர 'கிட் எஸ்விஎன்' என்ற கருவி இருக்கிறது.

[திரையில்: பெயர்ப் பட்டியல்]

நேரம் பிடிக்கிற வேலை இதுதான். எஸ்விஎன் வெறும் பயனர் பெயரை மட்டும் வைத்திருக்கும். கிட் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். எஸ்விஎன் லாகிலிருந்து எல்லாப் பயனர் பெயர்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆளின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி, அந்தப் பட்டியலைக் கருவிக்குக் கொடுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்களிடம் 'பிசி3' என்று ஒரு பயனர். மூன்று பேர் அதே கணக்கில் வேலை பார்த்திருக்கிறார்கள். வேலையை விட்டுப் போன அண்ணன்களுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அலுப்பாக இருந்தாலும் செய்யுங்கள். அது அவர்கள் உழைப்பு.

அப்புறம், டிரங்க் (முக்கிய கோடு), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (பெயரிட்டு வைத்த பதிப்புகள்) என்ற வழக்கமான ஃபோல்டர் அமைப்பு இருந்தால் 'ஸ்டேண்டர்டு லேஅவுட்' தேர்வோடு குளோன் கொடுங்கள். ஒவ்வொரு ரிவிஷனாக இழுக்கும், ராத்திரி முழுக்க ஓடலாம். நடுவில் கரண்ட் போனால் பயப்படாதீர்கள். 'ஃபெட்ச்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

'நோ மெட்டாடேட்டா' தேர்வைப் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். அதைப் போடாவிட்டால் பழைய ரிவிஷன் எண் கமிட் குறிப்பிலேயே தங்கும். 1184 என்று தேடினால் கிடைக்கும்.

காலி ஃபோல்டர்கள் கிட்டில் வராது. டேக்குகள் பிராஞ்சுகளாக வந்து நிற்கும், மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சர்வரை அழிக்காமல், எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள்.

[திரையில்: கிட் பிளேம்]

சரி, இப்போது அதே வரியில் பிளேம் கொடுக்கிறேன். ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கட்டளை இது. பாருங்கள்: எழுதிய அண்ணன் பெயர், தேதி, கமிட் எண். அந்த எண்ணை 'கிட் ஷோ'-வில் கொடுத்தால், கார் நெல் பற்றிய அந்தக் குறிப்பு.