மலைவீட்டுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி

(காட்சி: கோத்தகிரியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை. சன்னலுக்கு வெளியே மூடுபனி.)

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் முதலுதவிப் பெட்டி, அடுத்த தெருவிலேயே மருத்துவர் இருக்கும் ஊருக்குப் போதுமானது. மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ மலைப்பாதை அடைபட்டுவிடும் நீலகிரியில், உதவி வந்து சேரும்வரை தாங்கக்கூடிய பெட்டியை நாமே அமைத்துக்கொள்வது நல்லது.

துணிப்பை வேண்டாம். சுவரே வியர்க்கும் மாதங்களில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்திரியின் பசையும் கெட்டுவிடும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பாவே போதும். புதுச் செருப்போடு வரும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் அதற்குள் போட்டு வையுங்கள்.

(காட்சி: காஸ் துணி, க்ரேப் பேண்டேஜ், கையுறை, இடுக்கி.)

எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கிருமி நீக்கிய காஸ் துணியைத் தாராளமாக வாங்குங்கள். பஞ்சைப் புண்மீது நேரடியாக வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். தேயிலைச் சரிவில் கால் பிசகுவோருக்காக, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள க்ரேப் பேண்டேஜ் இரண்டு இருக்கட்டும்.

அட்டைக்கடிக்கும் காஸ் துணியே உதவும். அட்டை தன் உமிழ்நீர் வழியாக ரத்தத்தை உறையவிடாத பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பின்னும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், பதற வேண்டியதில்லை. தீயால் சுடாமல், அட்டை கவ்விய இடத்தில் நகத்தைச் செலுத்திப் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, காஸ் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள்.

குளிர்காலத்தில் வெந்நீரால் சுட்டுக்கொண்டால், பற்பசையையோ மஞ்சளையோ தேடாமல், புண்ணைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். உறைபனிக் காலையில் இது உடலையே நடுங்கவைக்கும் என்பதால், புண்பட்ட இடம் தவிர மற்ற உடலைக் கம்பளியால் போர்த்துங்கள். அந்தக் கம்பளியும் பெட்டியைச் சேர்ந்ததுதான்.

பாரசிட்டமால், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவற்றை எல்லோரும் அறிவர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பாம்புக்கடிக்கென்று பிளேடும் கயிறும் வைத்திருப்போர் இன்றும் உள்ளனர், இரண்டையும் எடுத்துவிடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடம் வாசற்படியா, மேட்டுத் திருப்பமா என்பதையும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண்ணையும், மருந்துகளின் காலாவதித் தேதிகளையும் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

(காட்சி: பென்சிலால் எழுதிய தாள். ஈரம் பட்டால் பேனா மை கரையும்.)